சைக்ளோன்: பாம்புச் சுருளில் பிறந்த பெயர்

ஆந்திர எல்லையோரத் தடாவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: "வீட்டில் தெலுங்கு சேனல் போட்டால் துஃபான் என்கிறார்கள். தமிழ் சேனலில் புயல். ஆங்கிலத்தில் சைக்ளோன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள், சைக்ளோன் என்ற சொல் எங்கிருந்து வந்தது, நாம் சொல்லும் துஃபானைத்தான் ஆங்கிலத்தில் டைஃபூன் என்கிறார்களா, மூன்றும் ஒன்றா என்று கேட்கிறாள். என்ன சொல்வது?"

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். துஃபானும் டைஃபூனும் உறவுக்காரர்கள்தான். சைக்ளோன் அந்தக் குடும்பம் இல்லை. அது தானாக வளர்ந்து வந்த சொல்லும் இல்லை. ஒரு மனிதர் யோசித்துச் செய்த சொல். ஹென்றி பிடிங்டன் என்பவர் கல்கத்தாவில் இருந்துகொண்டு, நம்முடைய இந்த வங்கக் கடலின் புயல்களை வருடக்கணக்கில் ஆராய்ந்து வைத்த பெயர் அது. 1848இல் அவருடைய புத்தகத்தில் அச்சேறியது. உலகம் முழுக்கப் போன அந்தச் சொல்லுக்கு நம் கடல்தான் பிறந்த இடம். உங்கள் மகள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் ஆரம்பாக்கம் பக்கத்துப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் புவியியல் நடத்தியவன். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வடகிழக்குப் பருவம் தொடங்கினால் கரும்பலகையில் மூன்று சொல்லையும் எழுதிப் போட்டுத்தான் பாடத்தை ஆரம்பிப்பேன். இந்தக் கேள்வி என்னிடம் பலமுறை வந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழில் காற்றுக்குப் பெயர் வைத்த விதத்தை முதலில் பாருங்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதுதான் பெயர். கடலுக்குப் போகிறவனுக்கும் வயலில் நிற்கிறவனுக்கும் இது போதும். ஆனால் பெரும்புயல் வரும்போது இந்தக் கணக்கு தடுமாறிப் போகிறது. ஒரே ஊரில், ஒரே நாளில், காற்று திசை மாறி மாறி அடிக்கிறது.

2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயல் கரையை ஒட்டியே வடக்கு நோக்கிப் போனபோது நான் பழவேற்காட்டில் என் தங்கை வீட்டில் இருந்தேன். முதலில் வாடை. வடக்குப் பார்த்த ஜன்னலில் மழைச் சாரல் உள்ளே வந்துகொண்டே இருந்தது. சாக்கை மடித்து இடுக்கில் சொருகினோம். நேரம் போகப் போக அந்த ஜன்னல் ஓய்ந்தது, வாசல் பக்கம் நனைய ஆரம்பித்தது. வடமேற்கு. அப்புறம் நேர் மேற்கு. தங்கை மாமியார் தெலுங்குக்காரர். "காற்று வீட்டைச் சுற்றி வருது பாரு" என்றார். உண்மையில் வீட்டைக் காற்று சுற்றவில்லை; எங்கள் வீடு ஒரு பெரிய சுழலின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது, சுழல் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்த வேறுபாட்டை மனிதர்கள் கண்டுபிடிக்க வெகு காலம் ஆயிற்று. அதைக் கண்டுபிடித்த கதையின் கடைசி வரிதான் சைக்ளோன் என்ற சொல்.

ஐரோப்பியக் கப்பல்கள் சோழமண்டலக் கரைக்கு வந்த நாளிலிருந்தே இந்தப் புயல்களிடம் அடி வாங்கியிருக்கின்றன. இந்தக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். 1746 அக்டோபரில், சென்னையைப் பிடித்த கையோடு அதன் முன்னால் நின்றிருந்த பிரெஞ்சுக் கப்பல்களை ஒரே இரவுப் புயல் சிதறடித்தது. இப்படி எத்தனையோ நடந்தும், அதை எழுதியவர்கள் கையில் இருந்தவை பொதுவான சொற்கள்தான்: பலத்த காற்று, சூறைக்காற்று, கடும் கொந்தளிப்பு. கரீபியத் தீவுகளின் தைனோ மக்களிடமிருந்து ஸ்பானியர் வழியாக வந்த ஹரிக்கேன் என்ற சொல்லையும் சிலர் நம் கடலுக்கே போட்டு எழுதினார்கள். அந்தச் சொற்களில் வேகம் இருந்தது. வடிவம் எதிலும் இல்லை.

வடிவம் தெளிவாகத் தெரிந்தது அமெரிக்காவில், விழுந்த மரங்களைப் பார்த்து. 1821 செப்டம்பரில் ஒரு புயல் கனெக்டிகட் மாநிலத்தைக் கடந்து போனது. வில்லியம் ரெட்ஃபீல்ட் என்பவர் அதன் பிறகு அந்தப் பக்கம் பயணம் போனார். சேணம் தைக்கும் தொழில் பழகியவர் அவர். பெரிய கல்லூரியில் படித்த விஞ்ஞானி இல்லை. தன் ஊர்ப் பக்கம் மரங்கள் எல்லாம் தலையை வடமேற்கே போட்டு விழுந்திருந்தன. மேற்கே தள்ளிப் போனால், அதே புயலில் விழுந்த மரங்கள் தென்கிழக்கே தலைவைத்துக் கிடந்தன. ஒரே காற்று எப்படி எதிரெதிர்த் திசையில் தள்ளும்? சுற்றினால்தான் முடியும். பத்து வருடம் தகவல் சேர்த்து 1831இல் அதை எழுதி வெளியிட்டார். பிறகு வில்லியம் ரீட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர், 1831 புயலில் நொறுங்கிய பார்படோஸ் தீவுக்குப் போனவர், பல கப்பல்களின் குறிப்பேடுகளை வைத்து அதே முடிவுக்கு வந்து 1838இல் புத்தகம் போட்டார்.

இன்னொரு பக்கம் ஜேம்ஸ் எஸ்பி என்ற அமெரிக்கர், காற்று சுற்றவில்லை, எல்லாப் பக்கமிருந்தும் நடுவை நோக்கி நேராகப் பாய்கிறது என்று வாதாடினார். இரண்டு கட்சியும் பல வருடம் மல்லுக்கு நின்றன. இந்தச் சண்டையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிடிங்டன் வைத்த பெயரின் அழகு இங்கேதான் இருக்கிறது.

பிடிங்டன் 1797இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இந்தியா, சீனா வழித்தடங்களில் கப்பல் தலைவராக ஓடியவர். பிறகு வங்காளத்தில் தங்கிவிட்டார். கல்கத்தாவில் கனிமங்கள் சார்ந்த ஓர் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டார், கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல்சார் நீதிமன்றத்துக்குத் தலைமையும் வகித்தார். ரீட் எழுதிய புத்தகம் அவர் கைக்குக் கிடைத்ததும் பிடித்துக்கொண்டார். 1839 ஜூனில் வங்கக் கடலில் அடித்த புயலைப் பற்றி ஆசியச் சங்கத்தின் இதழில் முதல் கட்டுரை. அதற்கடுத்தது அதே ஆண்டு நவம்பரில் கோரிங்காவை அழித்த புயலைப் பற்றி.

கோரிங்கா என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்; தெலுங்கில் கோரங்கி. காக்கிநாடா பக்கத்தில், கோதாவரி முகத்துவாரத்தில் இருக்கிறது. இப்போது சதுப்புநிலக் காட்டுக்காக மக்கள் பார்க்கப் போகும் இடம். அன்றைக்குக் கப்பல் கட்டும் பெரிய துறைமுகம். 1839 நவம்பர் 25ஆம் தேதி கடல் எழும்பி அந்த ஊரை மூடியது. கப்பல்கள் ஊருக்குள் தூக்கி எறியப்பட்டன. ஆயிரக்கணக்கில் மக்கள் மூழ்கிப் போனார்கள். கோரிங்கா அதன் பிறகு பழைய கோரிங்காவாக எழவே இல்லை. சைக்ளோன் என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் முதல் ஆராய்ச்சிகளில் ஒன்று ஆந்திரக் கரையின் இந்தச் சாவு பற்றியது. ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லுக்கு எதிரே கிரேக்க வேரை மட்டும் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோரங்கிதான் நினைவுக்கு வரும்.

பிடிங்டன் வேலை செய்த முறை எளிமையானது, ஆனால் பொறுமை கேட்பது. புயலில் தப்பிய கப்பல்களின் குறிப்பேடுகளை வாங்குவார். இந்த நாள், இந்த மணி, கப்பல் இருந்த இடம், காற்று வந்த திசை, காற்றழுத்தமானி காட்டிய அளவு. துறைமுக அதிகாரிகளிடமிருந்து கடிதங்கள் வாங்குவார். எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்து கடல்வரைபடத்தில் அம்புக்குறிகளாகப் போடுவார். அம்புகள் ஒரு மையத்தைச் சுற்றி நிற்கும். அடுத்த நாளுக்கு இன்னொரு படம், மையம் நகர்ந்திருக்கும். இப்படி ஒவ்வொரு புயலுக்கும் ஒரு கட்டுரையாக, கிட்டத்தட்ட வாழ்நாள் முடியும்வரை எழுதினார்.

1848இல் வந்த அவருடைய செய்லர்ஸ் ஹார்ன்-புக் ஆராய்ச்சியாளர்களுக்கு எழுதிய புத்தகம் அல்ல, மாலுமிகளுக்கு எழுதியது. அதோடு ஒளி ஊடுருவும் இரண்டு அட்டைகள் வரும், பூமியின் வட பாதிக்கு ஒன்று, தென் பாதிக்கு ஒன்று. அட்டையில் வட்ட வட்டமாகக் காற்றின் அம்புகள். நம்முடைய வட பாதிக்கான அட்டையில் அம்புகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடும். புயலில் சிக்கிய கப்பல் தலைவர் என்ன செய்ய வேண்டும்? வரைபடத்தில் கப்பல் இருக்கும் புள்ளியின்மேல் அட்டையை வைக்க வேண்டும். இப்போது அடிக்கும் காற்று எந்தத் திசையோ, அந்தத் திசை காட்டும் அம்பு கப்பலின் புள்ளிக்கு மேல் வரும்படி நகர்த்த வேண்டும். அட்டையின் நடுப்புள்ளி எங்கே விழுகிறதோ அந்தப் பக்கம்தான் புயலின் மையம். அந்தப் பக்கம் போகாதே. செயற்கைக்கோளோ ரேடியோவோ இல்லாத காலத்தில், கண்ணுக்குத் தெரியாத மையத்தை ஒரு அட்டையால் காட்டிக்கொடுத்தார்.

இந்தப் புத்தகத்தில்தான் பெயர் வைக்கிறார். சுற்றியடிக்கும், அல்லது வெகுவாக வளைந்தடிக்கும் காற்றுகள் எல்லாவற்றுக்கும் சைக்ளோன் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்ததாகவும், அந்தச் சொல்லுக்கு மற்ற பொருள்களோடு பாம்பின் சுருள் என்ற பொருளும் உண்டு என்றும் சொல்கிறார். ஏன் பாம்பு? அவரே காரணம் தருகிறார்: இது சரியான வட்டம் என்று இந்தச் சொல் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் சுற்றிவரும் போக்கைப் போதிய அளவுக்குக் காட்டிவிடுகிறது.

சுருண்டு கிடக்கும் பாம்பை நினைத்துப் பாருங்கள். வட்டம்தான், ஆனால் மூடிய வட்டம் இல்லை. வெளியிலிருந்து ஒரு கோடு சுற்றிச் சுற்றி உள்ளே போகிறது. ரெட்ஃபீல்ட் சொன்னபடி சுற்றவும் செய்கிறது, எஸ்பி சொன்னபடி நடுவை நோக்கிப் போகவும் செய்கிறது. இன்றைக்குச் செயற்கைக்கோள் படத்தில் புயலைப் பார்க்கும் எந்தக் குழந்தையும் அதைத்தான் வரையும். மேலிருந்து புயலை யாரும் பார்த்திராத காலத்தில், கப்பல் குறிப்பேடுகளை மட்டும் வைத்து, சண்டையில் எந்தப் பக்கத்துக்கும் அடிமையாகாமல், உண்மைக்கு இடம் விட்டு ஒரு பெயர் வைத்தார். அறிவியலில் நான் பார்த்த பெயர்களில் இதைவிட நிதானமாக வைத்த பெயர் குறைவு.

அந்தக் கிரேக்கச் சொல்லின் அடி கூக்லோஸ்; வட்டம், சக்கரம் என்று பொருள். சைக்கிள் வந்ததும் அங்கிருந்துதான். சமஸ்கிருதத்தின் சக்ர என்பதும் கூக்லோஸும் ஒரே முதுமொழி வேரிலிருந்து பிரிந்தவை என்று மொழிநூலார் நிறுவியிருக்கிறார்கள். ஆக, நீங்கள் கடைக்கு ஓட்டிப் போகும் சைக்கிள், அதன் சக்கரம், டிவியில் வரும் சைக்ளோன் மூன்றும் ஒரே கொடியின் காய்கள். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் மறக்கவே மாட்டார்கள்.

சரி, துஃபானுக்கு வருவோம். அதன் கதை நேர்மாறானது. யாரும் உட்கார்ந்து செய்யவில்லை. கடல்வழியே கைமாறிக் கைமாறி வந்தது. அரபியில் தூஃபான். குர்ஆனில் நூஹ் நபி காலத்து வெள்ளத்துக்கு இந்தச் சொல்தான் வருகிறது. சுற்றிவருதல் என்ற பொருள் கொண்ட அரபு வேரோடு இதைச் சேர்த்துச் சொல்வது பழைய மரபு. மக்காவில் கஅபாவைச் சுற்றிவருவதைத் தவாஃப் என்கிறார்களே, அதே வேர். பாரசீகத்துக்கும் இந்திக்கும் உருதுவுக்கும் போய், அங்கிருந்து தெலுங்கில் துஃபானாக உட்கார்ந்தது. போர்ச்சுக்கீசியர் நாவில் அது டுஃபாவ் ஆனது. கிரேக்கத்தில் டைஃபோன் என்று புயல்காற்றுகளின் தகப்பனான ஓர் அரக்கன் உண்டு. அவன் தலைகள் பாம்புகள். இங்கேயும் பாம்பு! சீனத்தின் தென்பகுதிப் பேச்சில் பெருங்காற்றுக்குத் தாய்ஃபுங் போல ஒலிக்கும் சொல் இருக்கிறது. இந்த ஓடைகள் எல்லாம் கலந்துதான் ஆங்கிலத்தின் டைஃபூன். 1588இல் லண்டனில் அச்சான ஒரு வெனிஸ் வணிகரின் பயணக் கதையில் டஃபன் என்ற வடிவில் அது முதலில் தலைகாட்டுகிறது. கீழைக் கடல்களில் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் நம்பமுடியாத புயல் என்று அதை விளக்கியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் மகள் ஊகித்தது சரி: தெலுங்கு துஃபானும் ஆங்கில டைஃபூனும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

பயன்பாட்டில்தான் இன்றைக்கு வேறுபாடு. மேற்குப் பசிபிக்கில் ஜப்பான், பிலிப்பைன்ஸ் பக்கம் வந்தால் டைஃபூன். அட்லாண்டிக்கிலும் கிழக்குப் பசிபிக்கிலும் ஹரிக்கேன். நம் கடலில் சைக்ளோன். பெயர் மாறினாலும் சூடான கடல்நீரின் ஆவியைத் தின்று வளரும் அதே சுழல்தான். நம் வானிலைத் துறை கணக்கில் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டினால் புயல் என்ற தகுதி. 118 வந்தால் மிகத் தீவிரம்.

இனி நம் புயல். இந்தச் சொல் பழந்தமிழில் பயமுறுத்தும் சொல்லே இல்லை. மேகம், மழை என்றுதான் பொருள். திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்தில் "ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்" என்று வருகிறது. புயல் என்னும் வருவாய் குறைந்தால் உழவர் ஏர் பூட்டமாட்டார்கள். வருவாய் என்கிறார்! இன்றைய பொருளை வைத்துக்கொண்டு இந்தக் குறளைப் படித்து என் மாணவர்கள் குழம்பிப் போவார்கள். "புயல் வரலைன்னா உழமாட்டாங்களா சார்?" என்பார்கள். மழை மேகத்தின் பெயர் மெல்ல மெல்ல அழிக்கும் காற்றின் பெயராகிவிட்டது. ஆனால் நம் எல்லைப் பகுதியில் பழைய பொருளும் சாகவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கடலில் தாழ்வு உருவாகி மழை தராவிட்டால் ஆரணியாறும் காளங்கியும் ஓடாது. வெள்ளம் வந்து தள்ளாவிட்டால் பழவேற்காடு முகத்துவாரம் மணலால் அடைபடும். கடல்நீர் ஏரிக்குள் வந்துபோக வழி குறையும், மீனும் இறாலும் குறையும். ஆகவே அழிப்பதும் அதுவே, வாரி வழங்குவதும் அதுவே. சைக்ளோன் என்ற சொல்லில் இந்த இரண்டாவது முகம் கிடையாது. புயலில் உண்டு.

சூறாவளி என்பதும் நம் சொல்தான். சூறை என்றால் கொள்ளை, வளி என்றால் காற்று. இலங்கைத் தமிழர் சைக்ளோனுக்கு இதைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

உங்கள் மகளுக்கு நான் முக்கியமாகக் காட்ட விரும்புவது வேறு ஒன்று. வானிலை அறிக்கையைக் கவனித்துக் கேட்கச் சொல்லுங்கள். முதல் நாள் "காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி" என்பார்கள். அது வலுத்ததும் "காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்பார்கள். பகுதி மண்டலமாகிறது. வட்டாரம் என்ற பொருளில்தான் அந்தச் சொல்லை எடுத்திருப்பார்கள். ஆனால் மண்டலம் என்றால் வட்டம். பாம்பு சுருண்டு படுத்திருப்பதை மண்டலமிட்டுக் கிடக்கிறது என்றுதான் பழைய நடையில் எழுதுவார்கள். பிடிங்டன் கிரேக்கத்தில் தேடி எடுத்த இரட்டைப் பொருள், வட்டமும் பாம்புச் சுருளும், நம் மொழியில் இந்த ஒரு சொல்லுக்குள் அப்படியே இருக்கிறது. தெலுங்குச் செய்தியில் அதே கட்டத்தை வாயுகுண்டம் என்பார்கள். ஆற்றில் ஆளை இழுக்கும் நீர்ச்சுழிக்குத் தெலுங்கில் சுடிகுண்டம். அந்தக் குண்டம்தான் இது, காற்றின் சுழி. மூன்று மொழியும் மூன்று வழியில் அதே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

தெலுங்கிடம் இருந்து நாம் கடன் வாங்கவேண்டிய சொல்லும் ஒன்று உண்டு: உப்பென. புயல் தள்ளிக்கொண்டு வந்து ஊருக்குள் ஏற்றும் கடல். தமிழ்ச் செய்தியில் இதற்குக் "கடல் சீற்றம்", "புயல் அலை", "கடல் கொந்தளிப்பு" என்று ஆளுக்கொரு சொல் வருகிறது. கடல் சீற்றம் என்று கேட்டால் அலை கொஞ்சம் உயரமாக அடிக்கும் என்றுதான் தோன்றும். உப்பென என்றால் கரையோரத் தெலுங்குக்காரர் வீட்டை விட்டு ஓடுவார். 1977 நவம்பர் 19ஆம் தேதி, சீராலா பக்கம் புயல் கரையேறியபோது, அதற்கு வடகிழக்கே கிருஷ்ணா முகத்துவாரத்தில் இருந்த திவிசீமைக்குள் ஐந்து மீட்டருக்கு மேல் கடல் ஏறியது. அரசுக் கணக்கிலேயே சாவு பத்தாயிரத்தை ஒட்டி வந்தது. அந்த ஒரு நாளால் அந்தச் சொல் இன்றும் கனமாக இருக்கிறது.

ஏன் வடகிழக்கே? இதுவும் பாம்புச் சுருளின் கணக்குதான். நம் பக்கம் சுழல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுவதால், மையம் கரையேறும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். தண்ணீரை உள்ளே தள்ளும். தெற்கே கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். "புயல் சென்னைக்குத்தானே, நமக்கு என்ன" என்று நம் பக்கத்தில் சொல்கிறவர்கள் உண்டு. சென்னையில் கரையேறினால் பழவேற்காடும் ஸ்ரீஹரிகோட்டாவும் வடக்குப் பக்கம், அதாவது கடல் ஏறும் பக்கம். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே புயல் கரையேறியதை நேரில் பார்த்த பெரியவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். காற்று எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு மாறியது என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும்படி மகளிடம் சொல்லுங்கள். பிடிங்டன் மாலுமிகளிடம் கேட்டதும் அதே கேள்விதான்.

அவரைப் பற்றி இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பெயர் வைத்ததோடு அவர் நிற்கவில்லை. கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்ட அரசு திட்டமிட்டது. 1853இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்குப் பிடிங்டன் பகிரங்கக் கடிதம் எழுதினார்: அங்கே கட்டாதீர்கள், ஒருநாள் புயலோடு கடல் ஏறி எல்லாவற்றையும் மூடும். கோரிங்காவைப் படித்தவர் அல்லவா, தெரிந்து எழுதினார். அரசு கேட்கவில்லை. போர்ட் கேனிங் என்று கட்டினார்கள். 1858இல் அவர் இறந்தார். 1867 நவம்பரில் புயலும் கடலும் வந்து துறைமுகத்தைச் சிதைத்தன. சில வருடத்தில் கைவிட்டுவிட்டார்கள். இடையில் 1864இல் அக்டோபரில் கல்கத்தாவும் நவம்பரில் மச்சிலிப்பட்டினமும் புயலில் பேரழிவைக் கண்டன. அதன் பிறகுதான் எச்சரிக்கை ஏற்பாடுகள் வேகம் பிடித்து, 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானது. இன்றைக்குத் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

மிக்ஜாம், வர்தா போன்ற தனிப்பெயர்கள் இதற்கெல்லாம் வெகு பின்னால் வந்தவை. நம் கடலில் 2004இல்தான் அந்த வழக்கம் தொடங்கியது. சுற்றியுள்ள நாடுகள் பட்டியல் கொடுக்கும், வரிசைப்படி வைப்பார்கள். வர்தா பாகிஸ்தான் கொடுத்தது, மிக்ஜாம் மியான்மர் கொடுத்தது. அவை ஒவ்வொரு புயலுக்கும் வைக்கும் அடையாளப் பெயர்கள்.

மகளுக்குப் பள்ளியில் செயல்திட்டம் ஏதாவது இருந்தால், பிடிங்டன் அட்டையையே செய்யச் சொல்லுங்கள். புத்தகத்துக்கு அட்டை போடும் கண்ணாடித்தாள் போதும். நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி மூன்று நான்கு வட்டங்கள். ஒவ்வொன்றிலும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் அம்புகள், அம்புமுனை லேசாக உள்ளே சாய்ந்திருக்கட்டும், பாம்பு சுருள்வதுபோல. மேசைமேல் ஆந்திர, தமிழகக் கரை தெரியும் வரைபடத்தை விரித்து, அட்டையின் புள்ளியை மாமல்லபுரத்தில் வைத்தால் தடாவின்மேல் கிழக்குக் காற்றின் அம்பு வந்து நிற்கும், கொண்டல். புள்ளியை அப்படியே கடலுக்குள் இழுத்துத் தடாவுக்கு நேர் கிழக்கே வைத்தால் வாடை. வடக்கே பாபட்லா வரை நகர்த்தினால் மேற்குக் காற்று. மிக்ஜாம் அன்று எங்கள் ஜன்னலிலும் வாசலிலும் மாறி மாறி வந்த சாரல் அந்த அட்டையில் அப்படியே தெரியும்.